பைக் என்ஜினுக்கு ஆயுள் எத்தனை கிலோமீட்டர்?

பழைய பைக் வாங்கக் கிளம்பிய என் மச்சினன் போன மாதம் ஒரே நாளில் இரண்டு முறை போன் செய்தான். காலையில், "மாமா, ஒரு வண்டி பார்த்திருக்கேன். ஆறு வருஷ வண்டி, 72,000 ஓடியிருக்கு. என்ஜின் போயிருக்கும்ல?" மாலையில், "இன்னொண்ணு கிடைச்சிருக்கு. பத்து வருஷம் ஆச்சு, ஆனா 18,000 தான் ஓடியிருக்கு. இதையே முடிச்சிரவா?" இரண்டு தடவையும் நான் சொன்னது ஒன்றுதான்: மீட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவனுக்கு அது பதிலாகவே படவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. டீக்கடைக்குப் போனால் ஆளுக்கொரு கணக்கு. "50,000 தாண்டினா என்ஜினை இறக்கிடணும்" என்பார் ஒருவர். "ஒரு லட்சம் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்பார் அடுத்தவர். "ஒரு தடவை போர் போட்டா (என்ஜினின் உட்சுவரைக் கடைந்தால்) வண்டி அவ்வளவுதான்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். பால் பாக்கெட்டில் தேதி அடித்திருப்பதுபோல என்ஜினுக்கும் ஓர் எண் இருக்கிறது என்று மூன்று பேருமே நம்புகிறார்கள். அப்படி ஓர் எண் ஏன் கிடையாது என்பது உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும்.

தேய்வது எது?

வாங்கி ஒரு வருஷமான செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் ஓரம் தேய்ந்து சாய்ந்திருக்கும், வார் புதுசு மாதிரி இருக்கும். "செருப்பு தேஞ்சிருச்சு" என்கிறோம், தேய்ந்தது ஓர் ஓரம்தான். என்ஜினிலும் இதே கதை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு ஞாபகம் இருக்கிறதா? ஒரு குழாய், அதற்குள் கைப்பிடியோடு மேலும் கீழும் போய்வரும் ஒரு தோல் வாஷர். வாஷர் தேய்ந்துபோனால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும், டயருக்குள் ஏறாது. என்ஜினில் அந்தக் குழாய்க்குப் பெயர் சிலிண்டர். மெக்கானிக் கடையில் அதை பிளாக் என்பார்கள், உட்புற ஓட்டையை போர் என்பார்கள். அதற்குள் போய்வருவது பிஸ்டன். பம்பில் நாம் அழுத்துகிறோம், இங்கே பெட்ரோல் எரிந்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் கீழே இருக்கும் கிராங்க் என்ற சுழலும் தண்டுக்குக் கொண்டுபோவது கனெக்டிங் ராடு.

பம்பின் தோல் வாஷர் செய்யும் வேலையை இங்கே செய்வது பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங்குகள். வழக்கமாக மூன்று இருக்கும். மேல் இரண்டும் எரிந்த வாயு கீழே கசியாமல் அடைக்கின்றன, மூன்றாவது சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்துக் கீழே விடுகிறது. மேலே, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் இரண்டு கதவுகள் உண்டு. அவைதான் வால்வுகள்.

இவற்றில் முக்கியமாகத் தேய்பவை ரிங்குகள், அவை உரசும் போர் சுவர், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங், வால்வுகள், வால்வை இயக்கும் டைமிங் செயின். வெளியே நமக்குத் தெரிகிற அலுமினியக் கூடு, சிலிண்டரை மேலே மூடும் ஹெட், பெரும்பாலான கியர்கள் எல்லாம் லேசில் தேய்வதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: "என்ஜின் போச்சு" என்று யாராவது சொன்னால், நாலைந்து இடங்களில் ஏதோ ஒன்று அளவு மீறித் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எது என்று கேட்பதுதான் சரியான அடுத்த கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

1994-இல் வந்த ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம். அந்த 97.2 சிசி என்ஜினில் போர் 50 மிமீ அகலம். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 49.5 மிமீ. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே என்று மொத்தம் 99 மிமீ.

டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் போக இந்த மாதிரி சின்ன என்ஜின் சுமார் 6,000 தடவை சுற்றும். பெருக்கிப் பாருங்கள். வண்டி ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போகும்போது பிஸ்டன் அந்த ஐந்து சென்டிமீட்டர் குழாய்க்குள்ளேயே ஏறக்குறைய 600 மீட்டர் ஓடிவிடுகிறது. 50,000 கிலோமீட்டருக்கு 30,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் முக்கால் பங்கு தூரம், ஓர் இரும்பு வளையம் ஓர் இரும்புச் சுவரை உரசிக்கொண்டே போயிருக்கிறது.

இத்தனை தூரம் போன பிறகும், நன்றாகப் பார்த்துக்கொண்ட போரில் தேய்மானம் ஒரு மிமீயில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ரோட்டில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு 30 கிலோமீட்டர் நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அப்படியானால் உள்ளே உரசலே நடக்கவில்லையா? பெரும்பாலான நேரம் நடக்கவில்லை என்பதுதான் உண்மை.

வழுக்கினால் தேயாது

ஈரமான மொசைக் தரையில் ரப்பர் செருப்போடு வேகமாகப் போய் வழுக்கி விழாதவர் யார்? அந்த நொடியில் செருப்பு தரையைத் தொடவில்லை. நடுவே தண்ணீர் புகுந்து காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதே தரையில் அசையாமல் நின்றால் வழுக்காது, தண்ணீர் பிதுங்கி வெளியேறி செருப்பு தரையில் உட்கார்ந்துவிடும்.

என்ஜின் ஆயில் செய்வதும் இதைத்தான். இரண்டு உலோகங்கள் வேகமாக நகரும்போது நடுவே புகுந்து அவற்றைத் தொடவிடாமல் பிரித்துவைக்கிறது. அந்த மெல்லிய அடுக்கின் பெயர் ஆயில் படலம். அதன் கனம் சில மைக்ரான். மைக்ரான் என்றால் ஒரு மிமீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் கனம் இருக்கும், படலம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது.

படலம் நிற்க மூன்று வேண்டும்: ஆயில், அசைவு, சுத்தம். மூன்றில் ஒன்று குறைகிற நொடியில்தான் உலோகம் உலோகத்தைத் தொடும்.

பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் கண நேரம் நிற்கிறது, உச்சியில் ஒரு முறை, அடியில் ஒரு முறை. நின்றால் அசைவு போச்சு, படலம் மெலியும். அதிலும் உச்சியில் பெட்ரோல் எரிகிற சூடும் அழுத்தமும் சேர்கின்றன. அதனால்தான் போர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை, மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம். பழைய மெக்கானிக்குகள் ஹெட்டைக் கழற்றியதும் விரல் நகத்தால் போரின் மேல் விளிம்பைச் சுரண்டிப் பார்ப்பார்கள். நகம் ஒரு படியில் தட்டினால் முகம் சுருங்கும், "போர் போடணும்" என்பார்கள். மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காலை நேரத்து முதல் உதை

இப்போது மச்சினனின் இரண்டு வண்டிகளுக்கு வருவோம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே வடிந்து சேர்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்பு அதை மேலே அனுப்பச் சில நொடிகள் பிடிக்கும். அதுவரை சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சம் மீதிதான் காப்பாற்ற வேண்டும். அந்த நேரத்தில் "சூடு பண்றேன்" என்று சொல்லி ஆக்சிலேட்டரை முறுக்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால், குளிரில் கிளம்பப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் வேறு. எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து, இருக்கிற கொஞ்ச ஆயிலையும் கழுவிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலில் சேரும். என்ஜின் நன்றாகச் சூடானால் அது மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். பால் வாங்கவும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற வண்டி சூடாவதற்குள் அணைக்கப்படுவதால் தண்ணீர் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் பால் காபி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருப்பதை அப்படிப்பட்ட வண்டிகளில் பார்க்கலாம்.

பத்து வருஷத்தில் 18,000 என்றால் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர். காலை ஒன்று, மாலை ஒன்று என்று வைத்தாலே 7,300 குளிர்ந்த ஸ்டார்ட். ஆறு வருஷத்தில் 72,000 ஓடியது ஒரு மெடிக்கல் ரெப்பின் வண்டி. அதே கணக்கில் 4,380 ஸ்டார்ட்தான், மீதி நேரமெல்லாம் சூடான ஆயிலில் ஓட்டம். குறைவாக ஓடிய வண்டிதான் அதிகத் தடவை வறட்சியில் கிளம்பியிருக்கிறது.

தூசி, அப்புறம் அந்த ஒரு லிட்டர்

வால்வைத் தேய்த்துச் சீராக உட்காரவைக்க மெக்கானிக்குகள் கிரைண்டிங் பேஸ்ட் என்று ஒன்று வைத்திருப்பார்கள். வேறொன்றுமில்லை, பசையில் குழைத்த கடினமான தூள். உப்புத்தாளைத் திரவமாக்கியது மாதிரி. ஏர் ஃபில்டர் கிழிந்த வண்டி அதே பேஸ்ட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மண் ரோட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள், ஆயில் படலத்தைவிடப் பெரியது. உள்ளே போனால் ரிங்கையும் சுவரையும் ஒரே நேரத்தில் அரைக்கும். "பிக்கப் கூடும்" என்று ஃபில்டரையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிக்கப் கூடுகிறதோ இல்லையோ, போர் கூடும்.

ஆயிலின் அளவு இன்னொரு பக்கம். காரில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். சின்ன பைக்கில் மொத்தமே ஒரு லிட்டர் வாக்கில்தான். அந்த ஒரு லிட்டரே என்ஜினையும் பார்க்க வேண்டும், கியரையும் பார்க்க வேண்டும், கிளட்சிலிருந்து உதிரும் தூளையும் சுமக்க வேண்டும். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய விஷயம். நானே ஒரு தடவை ஆறேழு மாதம் மூடியைத் திறக்காமல் ஓட்டிவிட்டு, திறந்தபோது ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் நுனியில் மட்டும் ஆயில் ஒட்டியிருந்ததைப் பார்த்து வேர்த்துப்போனேன். கசிவு எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தே போயிருந்தது.

ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று நினைப்பதும் ஒரு தவறான புரிதல். கரியைப் பிடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, கறுப்பது அதன் அடையாளம். மாற்ற வேண்டிய காலத்தை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள், விரலில் தொட்டு அல்ல.

இந்தப் பகுதியின் சாரம்: சுத்தமான ஆயில் போதுமான அளவில் இருந்து, ஃபில்டர் ஒழுங்காக இருந்து, என்ஜினும் சூடாக இருந்தால் தேய்மானம் மிகக் குறைவு. தேய்வதெல்லாம் இவற்றில் ஒன்று தவறும் நேரத்தில்.

டிராக்டர்காரர் ஏன் கிலோமீட்டர் கேட்பதில்லை?

டிராக்டரோ ஜேசிபியோ விற்கிறவரிடம் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எத்தனை ஹவர் ஓடியிருக்கு?" என்பார்கள். நின்ற இடத்திலேயே என்ஜின் உழைக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சென்னை டிராஃபிக்கில் சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிற வண்டி 50,000 கிலோமீட்டர் ஓட 2,000 மணி நேரம் எடுக்கும். பைபாஸில் 50-இல் போகிற வண்டிக்கு அதில் பாதி. மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். போதாதற்கு, சிக்னலில் நிற்கும்போது காற்றால் குளிர வேண்டிய என்ஜினுக்குக் காற்றே கிடைப்பதில்லை.

மீட்டரையும் முழுசாக நம்ப முடியாது. கேபிள் அறுந்து வருஷக்கணக்கில் அப்படியே ஓடும் வண்டிகள் எத்தனை! பழைய வண்டிகளின் ஐந்து இலக்க மீட்டர் 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

அம்மி கொத்துவதும் போர் போடுவதும்

இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு போகும். "அம்மி கொத்தணுமா" என்று தெருவில் குரல் கேட்டால் பாட்டி ஓடிப்போய்க் கூப்பிடுவார். வருபவர் உளியால் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்கித் தருவார்.

போர் சுவரும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கக் கூடாது. புது சிலிண்டரின் உள்ளே பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளை இடுவதற்கு ஹோனிங் என்று பெயர். ஆயில் அந்தப் பள்ளங்களில் தங்கித்தான் படலமாகிறது. புது வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொல்வது, ரிங்குகள் இந்தக் கோடுகளின் முனைகளைச் சற்றே மழுக்கித் தமக்கேற்றபடி உட்கார்ந்துகொள்ளத்தான்.

கோடுகள் அழிந்து, போரும் அகன்றுவிட்டால் லேத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரைச் சிறிது கடைந்து, புதிதாக ஹோனிங் செய்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதைத்தான் போர் போடுவது என்கிறோம். பெரிய பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மிமீ என்ற படிகளில் கிடைக்கும். அதாவது இரும்பு ஸ்லீவ் (உள்ளே செருகிய குழாய்) உள்ள ஒரு பிளாக்கை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கடைய இடம் வைத்தே இந்த முறை இருக்கிறது. கடைசி அளவையும் தாண்டிவிட்டால் ஸ்லீவையோ பிளாக்கையோ மாற்றலாம். சில நவீன பைக்குகளில் இரும்பு ஸ்லீவுக்குப் பதிலாக நிக்கல் கலந்த கடினமான பூச்சு இருக்கும். அவற்றைக் கடைய முடியாது, பிளாக்கை மாற்ற வேண்டும்.

ஹெட், பிளாக், பிஸ்டன் வரை பிரிப்பது ஹாஃப் என்ஜின். கூட்டையே பிளந்து கிராங்க் வரை போவது ஃபுல் என்ஜின். "போர் போட்டா வண்டி அவ்வளவுதான்" என்ற பேச்சு டூ ஸ்ட்ரோக் காலத்தின் மிச்சம் என்று நினைக்கிறேன். அந்த என்ஜின்களில் போர் சுவரிலேயே ஜன்னல்கள் வெட்டியிருக்கும், ரிங் அவற்றின் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், பெட்ரோலோடு கலந்து வரும் கொஞ்ச ஆயில்தான் காவல். சீக்கிரம் தேய்வது அவற்றின் இயல்பு. அரைகுறை லேத் வேலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போர் வேலை கெட்ட பெயர் வாங்கியதில் வேலை செய்தவர் கையின் பங்கும் உண்டு.

புகை என்ன சொல்கிறது?

வெள்ளைப் புகை, அதுவும் காலையில் மட்டும் என்றால் அது மேலே சொன்ன தண்ணீர் ஆவிதான். கவலை வேண்டாம். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று காட்டும், அதற்கும் தேய்மானத்துக்கும் நேரடி உறவு இல்லை. நீலப் புகைதான் ஆயில் எரிவது.

அந்த நீலத்திலும் இரண்டு வகை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், செலவு குறைவு. மேட்டில் ஏறும்போதும் முறுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங்கையும் போரையும் சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அங்கே அழுத்தமானியை வைத்துப் பார்ப்பார்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியே சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கின் இடைவெளியை ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது, குற்றவாளி ரிங்தான். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வால்வு. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமலே "இறக்கிடலாம்" என்று சொல்கிறவரிடம் ஒரு நாள் டைம் கேளுங்கள்.

சரி, ஓர் எண்ணாவது சொல்லு

ஒழுங்காக ஆயில் மாற்றி, ஃபில்டர் பார்த்து ஓட்டிய 100, 125 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி போர் வேலை இல்லாமல் 80,000, ஒரு லட்சம் கிலோமீட்டர் போவதில் அதிசயம் இல்லை. அதே வண்டி ஆயில் குறைந்தோ தூசி தின்றோ ஓடினால் 30,000-க்குள்ளேயே புகையும். அதன் பிறகும் என்ஜின் சாவதில்லை, பாகம் கிடைக்கிற வரை எழுப்பலாம். 1955-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய புல்லட்டுகளில் பழைய இரும்பு என்ஜின் வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு அதுவே காரணம்: பிஸ்டனும் ரிங்கும் இன்றும் கடையில் இருக்கின்றன.

மச்சினனிடம் கடைசியாகச் சொன்னது இது: வண்டியைப் பார்க்கப் போனதும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் என்ஜின் மேல் கை வை. சில்லென்று இருந்தால் உன் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சைலன்சர் பக்கம் நின்று புகையைப் பார். அப்புறம் ஆயில் மூடியைத் திற.

18,000 வண்டிக்குப் போனபோது என்ஜின் சுட்டதாம். "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றாராம் உரிமையாளர். அரை மணி நேரம் பேசி, அது ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்திருக்கிறான். பால் காபி. மெடிக்கல் ரெப்பின் வண்டியைத்தான் எடுத்திருக்கிறான், போன வாரம் டைமிங் செயின் மட்டும் மாற்றினான்.